வெட்டவெளியில், கையில் இரும்போடு

என் ஆசை அய்யாவுக்கு,

நீங்கள் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. இப்போது மீசையும் வந்து, பேப்பரில் படமும் வந்துவிட்டது. கோல்ஃப் ஆடுகிறேன் அய்யா, அதுதான் பிழைப்பு. பெரிய புல்வெளியில் சின்னப் பந்தை இரும்புக் கம்பால் அடித்து, தூரத்துக் குழியில் விழவைக்க வேண்டும். இதற்கெல்லாமா காசு கொடுப்பார்கள் என்று நம் பாளையம்பட்டியில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை.

நீங்கள் போன வருஷமே மாமா என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். கோல்ஃப் மைதானத்தில் அவருக்குப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. நான் ஆடுபவர்களின் பையைச் சுமந்தேன், பார்த்துப் பார்த்தே அடிக்கப் பழகினேன். பத்தொன்பது வயதில் ஒரு பெரிய போட்டியை ஜெயித்தேன், மறுவருஷம் இன்னும் இரண்டு. பயமறியாத பையன் என்று எழுதினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஜெயித்ததெல்லாம் பனிக்காலத்தில்.

எனக்கு மழையென்றால் பயம் அய்யா. வானம் பார்த்த கரிசக்காட்டுக்காரன் வாயில் வரக்கூடாத பேச்சு. மழை இறங்கினால் மற்ற ஊர்களில் ஜனம் வீட்டுக்குள் ஓடும். நம் பக்கம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு விதைத்த காட்டுக்கு ஓடும், வரப்பு உடைந்து தண்ணீர் போய்விடக் கூடாதே என்று. அன்றைக்கு நீங்களும் அப்படித்தான் ஓடினீர்கள். வெட்டவெளியில், கையில் இரும்போடு நின்ற உங்கள்மேல் மின்னல் விழுந்தது. நான் பிடித்திருக்கிற பிழைப்பைப் பாருங்கள். அதே வெட்டவெளி, அதே இரும்பு. இது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

போன மாதம் வடக்கே ஒரு போட்டி. கடைசி நாள், நான்தான் முன்னால் இருந்தேன். மேற்கே இருட்டிக்கொண்டு வந்து எங்கேயோ இடித்தது. இடி விலக நம் ஊரில் சொல்வதுபோல "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று வாய் தானாகச் சொல்ல, கம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். மின்னலுக்கு ஒதுங்க விதியில் இடம் உண்டு. மற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் மேகம் கலைந்து வெயில் அடித்து, ஆடலாம் என்று சொன்ன பிறகும் என் கால் எழவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி செய்தார் மாமா. உங்களை அடித்த பேய் ஆயிற்றே அய்யா?

அடுத்த வாரம் சென்னையில் போட்டி, ஐப்பசி மழையில். அங்கேயும் உட்கார்ந்துவிட்டால் என்னை இனி யாரும் சீந்த மாட்டார்கள். விட்டுவிடப் போகிறேன் என்று சொல்ல, அம்மாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். போனை எடுத்த நம் ஊர்க் கடைக்காரர் போய் அவளைக் கூட்டி வந்தார்.

"நேத்து இங்கன நல்ல மழை ராசா," என்றாள் மூச்சு வாங்க. "வரப்பு ஒடஞ்சு போச்சு. மண்வெட்டியத் தூக்கிட்டு ஓடுனேன்."

"இடி?"

"இடிக்காம? வானமே பொளந்துக்கிட்டு இடிச்சுச்சு."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அய்யாவ மறந்துட்டியா?" கத்திவிட்டேன்.

"எப்பிடிறா மறப்பேன்? கையும் காலும் வெடவெடன்னு ஆடுச்சு. மண்வெட்டியத் தூரப் போட்டுட்டுப் பள்ளத்துல குத்தவச்சு உக்காந்துட்டேன். இடி நின்னதும் எந்திரிச்சுப் போயி அடச்சேன். வெதச்சிருக்கோம்ல?"

நீங்கள் போனதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் போகிறாளாம். உங்களுக்குத் தெரியுமா? கனவிலாவது வந்து தடுத்திருக்கக் கூடாதா? நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. இப்போது இங்கே மேகம் கருத்தால் எனக்காகப் பயம், அங்கே கருத்தால் அவளுக்காகப் பயம்.

சென்னைக்குப் போகிறேன் அய்யா. தைரியமாக ஆடுவேன் என்று உங்களிடம் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். இடித்தால் முதல் ஆளாக ஓடுவேன், எவன் சிரித்தாலும் சரி. இடி ஓய்ந்து கூப்பிட்டால், நடுங்குகிற காலோடு எழுந்து போவேன். அது சத்தியம்.

அம்மாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயந்தாலும் உங்கள் மூத்த பிள்ளைதான்,
முத்து