போணிக்கு முன்னால்

ஜூன் 6, 2024

இன்று கடையில் மருந்தைவிடப் படத்துக்குத்தான் மவுசு. பழைய அச்சுப்படங்களை ஆராய்ச்சி செய்யும் அனு என்ற பெண் சென்னையிலிருந்து வந்து, கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பதை விதவிதமாகப் போட்டோ எடுத்தாள். படத்தில் இரண்டு வியாபாரிகள்: ரொக்கத்துக்கு விற்றவர் தொப்பையும் சிரிப்புமாக இருக்கிறார். கடனுக்கு விற்றவர் எலும்பும் தோலுமாகத் தலையில் கைவைத்திருக்கிறார், அவர் பெட்டிக்குள் எலி. அப்பா மாகறல் கிராமத்திலிருந்து வந்து இந்த மெடிக்கல் ஷாப்பைத் திறந்த அன்று மாட்டியது. 1890 வாக்கில் அச்சானதாம்.

"இது கிண்டல் படம் சார். அந்தக் குண்டு ஆளையும் சேர்த்துத்தான் கிண்டல் பண்ணியிருக்காங்க" என்றாள்.

சுருக்கென்றது. நாற்பது வருஷமாக ஊதுவத்தி காட்டும் படம். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 11

காலை ஆறரைக்குக் கடை திறந்ததும் பின்தெரு துளசி வந்தாள். அவள் புருஷன் பாண்டியன் பட்டுக்குச் சாயம் போடுகிறவன், ஆஸ்துமா. இன்ஹேலர் தீர்ந்துவிட்டது, சனிக்கிழமை கூலி வந்ததும் காசு தருகிறேன் என்றாள். "ராத்திரி பூரா இழுத்துக்கினு இருக்குதுண்ணா."

நான் மறுக்கவில்லை. அவளுக்குப் பலமுறை கடன் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைய முதல் வியாபாரம் ரொக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்கக் கடன்தான் என்பது அப்பா காலத்து வழக்கம். படத்தைக் காட்டினேன். "போணி ஆகட்டும்மா. பத்து நிமிஷம் நில்லு."

நின்றாள். யாரும் வரவில்லை. ஏழேகாலுக்கு ஒருவர் வந்து பத்து ரூபாய்க்கு இருமல் மிட்டாய் வாங்கினார். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு திரும்பினால் அவளைக் காணோம். வேறு கடைக்குப் போயிருப்பாள். கவரில் போட்டுக் கல்லா ஓரமாக வைத்திருக்கிறேன், வந்தால் கொடுக்க.

ஜூன் 12

பாண்டியன் நேற்றுக் காலையே போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். துளசி திட்டியிருந்தால் தேவலை. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது — எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்.

ஜூன் 14

தாங்காமல் என் மனைவி காந்தாவிடம் சொன்னேன். "உங்க சட்டைப் பையில பத்து ரூபா இல்லியா? அத அவ கையில குடுத்து, அவளையே போணி பண்ணச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

இருந்தது. எழுநூறு ரூபாய் இருந்தது. ஏன் தோணல? முக்கா மணி நேரம் எதிர்ல நின்னுக்கினு இருந்தாளே — ஏன்டா தோணல உனக்கு?

ஜூன் 15

சனிக்கிழமை. கவர் இன்னும் கல்லா ஓரத்தில்.

ஜூன் 20

படத்தைக் கழற்றினேன். குண்டு முதலாளியை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். எதிரே யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்கவேயில்லை. கண் கையிலிருக்கும் நாணயத்தின் மேல் இருக்கிறது. அந்தப் பெண் சொன்னது சரிதான். போன் செய்து, எடுத்துக்கொண்டு போம்மா என்றேன். விலை கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 9

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே துளசி வந்துவிட்டாள். படியேறவில்லை. ரோட்டிலேயே நின்று கேட்டாள்.

"போணி ஆயிடுச்சாண்ணா? பொண்ணுக்கு ஜுரம். ஆகலன்னா அப்பால வரேன்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

ஆகிவிட்டது என்று பொய் சொல்லி சிரப்பை எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றதை அவள் காதில் வாங்கவில்லை. நாற்பத்திரண்டு ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

இன்றைய போணி அதுதான்.