அதிரும் கோலும் என் முழங்கையும்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் நலமும், இதை உனக்கு வாசித்துக் காட்டும் மகளின் நலமும் அறிய ஆவல்.

எதிரே தடை வந்தால் கைப்பிடியில் அதிரும் புதுக் கோலைப் பற்றித் தொலைபேசியில் சொன்னாய். "இது வந்ததுல இருந்து கடைக்கு நானே போய் வந்துடறேங்க. யார் கையையும் பிடிக்க வேண்டியதில்ல" என்றாய். மகிழ்ச்சி என்றேன். பொய். முப்பத்தொரு வருடம் நீ பிடித்து நடந்தது என் முழங்கையைத்தான்.

அதில் குறை கண்டுபிடிக்கவென்றே, அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புத் தரும் பார்வையற்ற நண்பரிடம் அதேபோன்ற கோலை இரவல் வாங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு கோப்பு அறையில் நடந்தேன். நாற்காலிக்கு அதிர்ந்தது, தூணுக்கு அதிர்ந்தது. மூன்றாம் முறை அதிர்ந்தபோது, கோல் எதிலும் தட்டவில்லையே என்று நான் நம்பவில்லை. நெற்றி உயரத்தில் அலமாரிக் கதவு திறந்திருந்தது. சின்ன வீக்கம்தான், கவலைப்படாதே.

"அதுதான் சொல்லிச்சே சார், ஏன் நிக்கல?"

"நம்பிக்கை வரலப்பா."

"பொறாமைன்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

உண்மைதான். அது தயங்குவதில்லை. நானோ தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு, "படி வருது" என்று சொல்வதற்குள் நீ எத்தனை முறை தடுக்கியிருக்கிறாய்! ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

கோலுக்குத் தினமும் மறக்காமல் சார்ஜ் போடு. நீ பிடித்துப் பிடித்துக் கை நைந்துபோன என் பழுப்புச் சட்டையைத் தைக்கக் கொடு. அடுத்த மாதம் விடுமுறை. பேருந்து நிலையத்துக்குக் கோலோடு தனியாகவே வா. திரும்பும்போது மட்டும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள். படிகளை முன்கூட்டியே, உரக்கச் சொல்கிறேன்.

தபால் எடுப்பவர் வந்துவிட்டார்.

உன் கணவன்