எஞ்சின் நீங்கலாக

8-1-74, செவ்வாய்

இன்றும் சிட்டு விற்கவில்லை. துடைத்தேன். நேற்றும் துடைத்தேன். இப்படியே போனால் விற்பதற்குள் பெயிண்ட் போய்விடும்.

முதலாளி ஜானகிராமன் போன தீபாவளிக்குத்தான் இந்தக் கார் ஏஜென்சியை எடுத்தார். பெட்ரோல் விலை ஏறியதும் செங்கல்பட்டு முழுக்கச் சின்னக் காருக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஊர் சைக்கிளுக்குப் போய்விட்டது. கம்பெனி அனுப்பிய ஒரே வண்டியான இந்தச் சிட்டு கடையில் நிற்கிறது. விற்க நான், பழுது பார்க்க மோசஸ். ஓடாத வண்டியில் என்ன பழுது வரும்? அவன் பீடி குடிக்கிறான், நான் துடைக்கிறேன்.

முதலாளி காலையில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “கிஃபாயத்து, மார்ச் முடியிற வரைக்கும் பாப்பேன். ஒரே ஒரு வண்டி வித்துக் காட்டு, ஏஜென்சி நிக்கும். இல்லன்னா இந்த எடத்துல தையல் மிஷின் விக்கப்போறேன். நீ வேற எடம் பாத்துக்கோ.”

வேறு இடம் ஏற்கெனவே பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் என் பயமே.

13-1-74, ஞாயிறு

கோவளம் போய் வந்தேன். ஜெய்புன்னிசாவை ஏழாம் மாதம் என்று தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தலைப்பிள்ளை. முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

மாமனார் ஷேக் தாவூத் மீனவர்களுக்குக் கயிறு, வலைநூல், தார் விற்கிறவர். கடை வாசலில் என்னைப் பார்த்ததும், நாலு பேர் நிற்கும்போதே, “வாங்க மாப்ளே! இன்னா, கார் விக்கிறவரு பஸ்ஸுல வந்துகினு கீறீங்க?” என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருக்கிறது. அதைக் கையால் தட்டி, “காலியாத்தான் கீது” என்றார்.

வந்து தார் டின்னுக்கு நடுவில் உட்கார் என்கிறார். பி.யூ.சி. படித்தவன் நான். ஆள் கெட்டவர் இல்லை, பேச்சுத்தான் தாங்கவில்லை. ஆயுசு முழுக்கத் தினம் காலையில் இந்தப் பேச்சைக் கேட்டால் நான் என்ன ஆவேன்?

ஜெய்புன்னிசா சமாதானம் சொன்னாள். “அத்தா அப்பிடித்தான், மனசுல வெச்சிக்காதீங்க.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா முக்காலிக்குப் புதுசா மெத்த தெச்சிருக்காரு” என்றாள்.

25-1-74, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வரும்போது பள்ளிவாசல் எதிரே டீக்கடையில் கேட்ட செய்தி: கோவளத்துக்குப் பக்கத்தில் சவுக்குத்தோப்பில் சில பேர் கூட்டாகக் குடியிருக்கிறார்களாம். எளிய வாழ்வு நிலையம் என்று பெயர். படித்தவர்கள், பென்ஷன்காரர்கள். தாங்களே காய்கறி போட்டுக்கொள்கிறார்கள். சோப்பு கிடையாது, சீயக்காய். கரண்ட் வந்தும் வேண்டாம் என்று அரிக்கேன் விளக்கு. எதையும் வீணாக்குவது பாவம் என்பது கொள்கை.

ஆண்டவன் எனக்காகவே ஒரு தோப்பு வைத்திருக்கிறான்! லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் வண்டியை அவர்களிடம் கொண்டுபோகாமல் இவ்வளவு நாள் பெரிய மில்காரர்களிடம் போய் நின்றிருக்கிறேனே.

3-2-74, ஞாயிறு

போனேன். எப்படி எழுதுவது?

சிட்டைத் தோப்பு வரை ஓட்டிப் போனேன். வரலட்சுமி அம்மாள் என்று ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, அவர்தான் அங்கே பெரியவர். எல்லோரையும் மணலில் உட்கார வைத்து, “தம்பி, பேசுங்க” என்றார். பேசினேன். உலகத்துப் பெட்ரோல் எல்லாம் தீரப்போகிறது, அரபு நாட்டுக்காரன் குழாயை மூடிவிட்டான், ஒவ்வொரு சொட்டும் நம் பேரப்பிள்ளைகளின் சொத்து... பேசப் பேச நானே அதை நம்பிவிட்டேன். ஒரு தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வரலட்சுமி அம்மாள் எழுந்தார். “தம்பி கண்ணத் தொறந்துட்டாரு. இப்பவே ஒரு தீர்மானம் போட்டுடலாம்” என்றார். நான் பேனா மூடியைக் கழற்றி ஆர்டர் புத்தகத்தைப் பிரித்தேன்.

தீர்மானம்: இன்று முதல் நிலையத்தார் யாரும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. கேளம்பாக்கம் வரை நடை.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்ய? கிளம்பும்போது அந்தத் தாத்தா, “இவ்வளவு தெரிஞ்ச நீங்க எதுக்குக் கார்ல வந்தீங்க?” என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

4-2-74

முதலாளி: “என்னய்யா ஆச்சு?” நான்: “ரொம்ப ஆர்வமா இருக்காங்க சார்.” பொய் இல்லையே!

17-2-74, ஞாயிறு

இம்முறை பஸ்ஸில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து நடந்து தோப்புக்குப் போனேன். காரில் போனால் கோபம், நடந்து போனால் கார் எங்கே விற்பது? போகிற வழியெல்லாம் இதே யோசனை.

நடந்து வந்தேன் என்றதும் நல்ல மரியாதை. கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய். பேச்சோடு பேச்சாக வரலட்சுமி அம்மாள் மனசு விட்டுப் பேசினார். அவருக்கு முழங்கால் வலி. திருப்போரூர் சந்தைக்குக் காய் கொண்டுபோவது ஒற்றை மாட்டு வண்டியில். அது போடுகிற போட்டில் இடுப்பு கழன்றுவிடுகிறதாம். விடுவேனா? சிட்டின் ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னேன். சீட்டைப் பற்றிச் சொன்னேன்.

“சரி தம்பி. எங்க கண்ணு முன்னால ஒரு லிட்டர் ஊத்துங்க. இருபது ஓடுதான்னு பாப்போம். ஓடிட்டா அப்புறம் பேசலாம்.”

டேங்கைக் காயவைத்து ஒரே ஒரு லிட்டர் ஊற்றி, வண்டி நிற்கிற வரை ஓட்டுவது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு.

2-3-74, சனி

மோசஸ் வண்டியின் எடையைக் குறைக்கிறான். ஸ்டெப்னியை எடுத்துவிட்டான். ஜாக்கியை எடுத்துவிட்டான். பின்சீட்டு மெத்தையையும் எடுக்கப் போனான். அவர்களை எதன்மேல் உட்கார வைப்பது என்று தடுத்தேன். “அண்ணாத்த, அப்டின்னா நீ காலைல நாஸ்தா துன்னாம வந்துரு” என்றான்.

3-3-74, ஞாயிறு

ஜெயித்தேன். மானமும் போயிற்று. இரண்டும் ஒரே நாளில்.

நான் சாப்பிடாமல் போனேன். அவர்களோ, சந்தைக்குப் போகிற வண்டிதானே என்று ஒரு சாக்குக் கத்தரிக்காயையும் இரண்டு பூசணிக்காயையும் ஏற்றிவிட்டார்கள். முன்னால் வரலட்சுமி அம்மாள். பின்னால் தாத்தாவும் பூசணிக்காய்களும்.

இறக்கம் மாதிரி எங்கே தெரிந்தாலும் எஞ்சினை அணைத்து உருட்டினேன். இந்தச் சீமையில் இறக்கம் எங்கே இருக்கிறது? ஒரு மதகைத் தாண்டினால் நாலடி, அவ்வளவுதான். அந்த நாலடியையும் விடவில்லை. திருப்போரூரில் காயை இறக்கிவிட்டுத் திரும்பினோம். கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் ரோட்டில் வண்டி இருமி நின்றது. இருபத்துமூன்று கிலோமீட்டர்! இறங்கிக் குதித்தேன்.

குதித்து முடித்ததும்தான் உறைத்தது. வண்டியில் சொட்டு பெட்ரோல் இல்லை. திரும்பிப் போக என்று ஒரு டின்னில்கூட எடுத்து வரவில்லை. எடை கூடுமே என்று நான்தான் வேண்டாம் என்றேன். விற்பனைப் பிரதிநிதியாம்!

தள்ளினோம். நடப்பது நல்லதுதானே என்று தாத்தா சந்தோஷமாகத் தள்ளினார். காலையில் சாப்பிடாத எனக்குத்தான் கண் இருட்டியது. வழியில் அவர்களுடைய மாட்டு வண்டியே எதிரே வந்தது. மாட்டை அவிழ்த்து, கயிற்றால் சிட்டின் முன்னால் கட்டினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் வரலட்சுமி அம்மாள் நன்றாகச் சாய்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, “ஆஹா! இப்பத்தான் தம்பி இந்த வண்டி நல்லா ஓடுது. சத்தம் இல்ல, நாத்தம் இல்ல” என்றார்.

அதே கோலத்தில்தான் மாமனார் கடையைத் தாண்டினோம். வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். “மாப்ளே, பஸ்ஸே கொஞ்சம் சுருக்கா வந்துருக்குமே!” என்றார்.

5-3-74, செவ்வாய்

வரலட்சுமி அம்மாளே தபால் ஆபீஸிலிருந்து கடைக்கு டெலிபோன் பண்ணினார். வண்டி வேண்டுமாம். ஆர்டர் புத்தகத்தைப் பிரித்தேன்.

“எஞ்சின் இல்லாம என்ன வெல தம்பி? மாடு எங்ககிட்டயே இருக்கு.”

போனை வைத்துவிட்டேன். இன்னா நெனச்சிகினு கீறாங்க என்னப் பத்தி? நான் கார் விக்கிறவன், கூண்டு வண்டி விக்கிறவன் இல்ல! லிட்டருக்கு இருபத்துமூணு ஓட்டிக் காட்டினேனே, அதுக்கு இதுவா கூலி? மாட்டேன். முக்காலியிலேயே போய் உட்கார்ந்து தொலைக்கிறேன்.

12-3-74, செவ்வாய்

துடைக்கவில்லை.

17-3-74, ஞாயிறு

கோவளம் போனேன். ஜெய்புன்னிசாவுக்கு இந்த மாதக் கடைசியில் என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். இந்த நேரத்தில் மனைவியிடம் என் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்றுதான் போனேன். போனதும் சொல்லிவிட்டேன். எஞ்சின் இல்லாமல் கேட்கிறார்கள், மானக்கேடு என்று கத்தினேன்.

அவள் சிரிக்கவில்லை. “அத்தா கயிறு விக்கிறாரே, முழுக் கட்டு வாங்குனாத்தான் குடுப்பேன்னா சொல்றாரு? ரெண்டு மொழம் கேட்டா ரெண்டு மொழம் அறுத்துக் குடுக்கல? அவங்களுக்கு வேணுங்கறத அவங்களுக்குக் குடுங்க. மிச்சம் வேற யாருக்காச்சும் வேணுமா இருக்கும்.”

அவளுடைய அத்தாவின் கடையில் வளர்ந்தவள் அல்லவா? இதைப் பாராட்டாகவே எழுதுகிறேன்.

18-3-74, திங்கள்

மோசஸிடம் சொன்னேன். பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டான். செய்யூரில் அவன் மச்சான் சாலமோன் வேர்க்கடலை போட்டிருக்கிறான். கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். ஏற்றம் இறைத்துத் தோள் போய்விட்டது.

“இன்னா அண்ணாத்த, இத்தினி நாளு வாய மூடிகினு இருந்தியே! அந்த எஞ்சின்ல பம்பு கட்டிரலாம். கெரசின்ல ஓட வெக்கிறேன் பாரு.”

24-3-74, ஞாயிறு

விற்றுவிட்டேன். ஒரு கார், இரண்டு பேருக்கு.

முதலாளியிடம் சொன்னபோது நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “கம்பெனிக்காரன் கேட்டா என்னன்னு சொல்றது?” என்றார். வண்டி விற்றதா என்றுதான் கேட்பான், யார் இழுக்கிறார்கள் என்று கேட்க மாட்டான் என்றேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்து, பில் புத்தகத்தை எடுத்து அவர் கையாலேயே எழுதினார்: சிட்டு கார் ஒன்று, எஞ்சின் நீங்கலாக. அடுத்த பில்: எஞ்சின் ஒன்று, கார் நீங்கலாக.

மோசஸ் பம்பரில் ஏர்க்கால் பூட்டினான். முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான், மாட்டுக் கயிறு உள்ளே வர வேண்டுமே. எஞ்சின் இருந்த பள்ளத்தில் என்ன வைப்பது என்று நான் யோசிக்கும்போதே, தாத்தா பானெட்டைத் திறந்து வைக்கோலை அடைத்துவிட்டார். இனி அதுதான் பெட்ரோல் டேங்க்.

தையல் மிஷின் வரவில்லை. ஏஜென்சி நிற்கிறது.

31-3-74

பெண் குழந்தை! தாயும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்.

9-4-74, செவ்வாய்

கம்பெனி அடுத்த வண்டியை அனுப்பிவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

26-5-74, ஞாயிறு

பிரசவத்து நாற்பது நாளும் கழிந்து, ஜெய்புன்னிசாவையும் குழந்தையையும் இன்று அழைத்து வந்தேன். செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கேளம்பாக்கம் போக வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிப்போடாமல் போக என்ன வழி என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. சிட்டு! வரலட்சுமி அம்மாள் அனுப்பியிருக்கிறார், தாத்தா ஓட்டி வந்திருக்கிறார். பேட்டரியை யாரும் கழற்றவில்லை போலிருக்கிறது.

தெருவே கூடிவிட்டது. மாமனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன். மாட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்து, “இது இத்துப்போச்சு” என்றார். உள்ளே போய்ப் புதுக் கயிறு கொண்டுவந்து அவரே மாற்றினார். காசு வேண்டாம் என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பிறகு மறுபடி உள்ளே போய் முக்காலியை எடுத்து வந்தார். எனக்குத்தான் என்று நினைத்து ஓரடி பின்வாங்கினேன். அதைக் கார் கதவுக்குக் கீழே போட்டு, மகளைக் கையைப் பிடித்து, “பாத்து ஏறும்மா, பச்ச ஒடம்பு” என்றார். மெத்தைமேல் கால்வைத்து ஏறினாள்.

நான் ஓட்டிக் காட்டிய காலத்தில் சிட்டில் ஏறியவர்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். என் மகள் ஏறியதும் தூங்கிவிட்டாள். தாத்தா ஹாரன் அடித்தும் எழவில்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. வாசலிலேயே அந்த முக்காலியில் மாமனார் உட்கார்ந்து, நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.