அன்னூர்க் கொசுக்களும் ஒரு தட்டுச் சந்தகையும்

அம்மணி,

போன மாசம் ஆய்வக ஃப்ரீசரில் பனியைச் சுரண்டும்போது உன் கையெழுத்தோடு ஒரு கொசுக் குழாய் அகப்பட்டது. 'அன்னூர், மாட்டுக் கட்டுத்தறி, சாயங்காலம்.' அன்றைக்குப் பிடித்த கொசுவையெல்லாம் தூக்கிப்போடச் சொன்னேனே, ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறாய், திருடி!

கொசு பிடிக்க உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. கை பாட்டுக்குப் பிடிக்கும், வாய் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். "டெங்கு, சிக்குன்குனியா எல்லாஞ் சரி. நம்மளை ஒண்ணுமே பண்ணாத வைரஸ் இத்தனை இருக்குதே, அதுகளுக்குக் கொசுவுக்குள்ள என்ன வேலை?" எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே, ஒருத்தியை ஒருத்தி 'அம்மணி, அம்மணி' என்று கூப்பிட்டுக்கொண்டு ரெண்டு பேரும் ஊர் ஊராக அலைந்தோம்.

அன்னூருக்கு மட்டும் நீ தனியாகப் போனாய். ரெண்டு மணி நேரம் பிந்தி வந்தாய். கொசு பிடித்த வீட்டில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகை சாப்பிட்டாயாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய் வைத்த பெட்டியில் ஐஸ் உருகினால் கொசுவுக்குள் இருக்கும் வைரஸின் தடயமே சிதைந்துபோகும் என்று உனக்குத் தெரியாதா? "சந்தகைக்கு ஆசைப்பட்டு வேலையைக் கெடுத்துப்போட்டியே!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"இல்ல அம்மணி, அந்த வீட்டு அக்கா வந்து…" என்று ஆரம்பித்தாய். "ஒண்ணும் பேசாதே, எல்லாத்தையும் தூக்கிப்போடு" என்றேன். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். பத்தாம் நாள் நெஞ்சு வலியில் போயே போய்விட்டாய்.

குழாயைப் பார்த்த பிறகு மனசு கேட்காமல் அதே வீட்டுக்குக் கொசு பிடிக்கப் போனேன். அந்த அக்கா என் ஐஸ் பெட்டிக்குக் கை நீட்டினார்.

"குடுங்க, ஃப்ரீசர்ல வெக்கறேன். அன்னிக்கு வந்த அம்மணிக்கு ஐஸ் எளக ஆரம்பிச்சிருச்சுங்க. நாந்தான் ஐஸ்கிரீமை எடுத்துப்போட்டு அதை உள்ள வெச்சேன். மறுபடி உறையாம கெளம்ப மாட்டேன்னு உக்காந்துக்குச்சு. சும்மா எப்படிங்க உக்கார வெக்கறது? அதான் சந்தகை புழிஞ்சேன்."

அங்கேயே அழுதுவிட்டேன். மன்னிச்சுக்கோ அம்மணி.

உன் குழாயைச் சோதனைக்குக் கொடுத்தேன். நேற்று முடிவு வந்தது. கெடவே இல்லை! டெங்கு இல்லை. பெரும்பாலும் கொசுவோடு பிறந்து கொசுவோடே போகிற வைரஸ்கள். அதில் இரண்டு, இதுவரை தெரிந்த எதோடும் ஒத்துப்போகவில்லை. உள்ளே இருந்துகொண்டு கொசுவுக்கு நல்லது செய்கின்றனவா, சும்மா குடியிருக்கின்றனவா? உன் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. விடப்போவதில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் யார் பிந்தி வந்தாலும் "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.