தம்பிக்குத் திறக்காத சீடிகள்

மச்சான்,

இன்று காலை ஸ்டூடியோவுக்கு ஒரு கடைக்காரர் பென் டிரைவோடு வந்தார். கடை வாசலில் பொருத்தியிருக்கும் கேமராவில் சைக்கிள் கள்ளன் ஒருத்தன் அகப்பட்டிருக்கிறானாம். "படம் இருக்கு அண்ணை, ஆனா எதிலயும் திறக்குதில்லை" என்றார். அந்தக் கேமரா தன் படத்தைத் தன்னுடைய முறையில்தான் சேமிக்கும், வேறெதிலும் ஓடவிடாது. எங்கும் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கள்ளனின் மீசைகூடத் தெரிந்தது. கடைக்காரர் சந்தோஷமாகப் போய்விட்டார். எனக்குத்தான் உன் மேல் கோபம் கோபமாக வந்தது.

மல்லாவியில் நாம் இருவரும் வீடியோக் கடை போட்டிருந்த காலத்தில், கலியாண வீடுகளைவிடச் செத்தவீடுகளே நமக்கு அதிகம். பிள்ளைகள் சுவிஸிலும் கனடாவிலும் இருப்பார்கள். சண்டையால் வர வழியில்லை. முகத்தையாவது பார்க்கட்டும் என்று வீடியோ எடுத்து, வவுனியா போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். நீ எடுப்பாய், நான் ஜெனறேற்றரோடு மல்லுக்கட்டுவேன். கேமராவுக்குப் புதுக் கசட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் எடுத்ததைப் பிரதி பண்ணியதும் அதே கசட்டோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். ஒருவருடைய பாடைக்கு மேல் இன்னொருவருடைய தாலிகட்டு ஏறும். அதை நாம் பெரிதாக நினைத்ததில்லை.

உன் அம்மா போனபோது கேமரா என் கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசிப் பிள்ளை. அவன் சுவிஸில். அவனுக்குப் பதிலாக நீ நின்றாய். தர்ப்பை போட்ட கையோடு என் பக்கம் திரும்பி, "முகத்தைக் கிட்டவா எடு. அவன் வடிவாப் பாக்கவேணும்" என்று சொன்னாய்.

பொருளாதாரத் தடைக்குள் துண்டு துண்டாக வந்து சேர்ந்த ஒரு கொம்பியூட்டரை நாம் பொருத்தி முடித்த புதிது. படத்தை அதில் ஏற்றினோம், அருமையாக ஓடியது. எங்கும் அப்படியே ஓடும் என்று நம்பி, ஃபைலை வெட்டி இரண்டு மூன்று சீடிகளில் எழுதித் தம்பிக்கு அனுப்பினாய். வழக்கம்போல அதே கசட்டை ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோனோம்.

பிறகு ஒருநாள் வவுனியாவிலிருந்து உன் சித்தப்பா வந்தார். "தம்பி போன் எடுத்தவன். சீடி வந்திட்டுதாம், ஆனா திறக்குதில்லையாம். அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாத் திரியிறான். தாயின்ர முகம் பாக்கேல்லை எண்டு அழுறான்" என்றார். நீ கசட்டைப் போட்டுப் பார்த்தாய். பொம்பிளையும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மிஞ்சியது கொம்பியூட்டருக்குள் இருந்த ஃபைல் மட்டும். கசட்டிலிருந்து வீடியோ ஏற்றுவதற்கென்று கொம்பியூட்டருக்குள் பொருத்தியிருந்த கார்ட் தனக்கென்று ஒரு வகையில் அதைச் சேமித்திருந்தது. அந்தக் கார்ட் இல்லாத இடத்தில் அது வெறும் குப்பை. எல்லோரும் பார்க்கக்கூடிய சீடிப் படமாக மாற்றத் தொடங்கினோம். கொம்பியூட்டர் ஊர்ந்தது. இடையில் ஜெனறேற்றர் நின்றால் திரும்ப முதலிலிருந்து. அது குடிப்பதோ மண்ணெண்ணெய்; சனம் விளக்கு எரிக்கவே மண்ணெண்ணெய் இல்லாத காலம். இரண்டு தரம் பாதியில் நின்றுபோயிற்று. அதன் பிறகுதான், இருக்கிற எண்ணெய்க்குள் மாறி முடியட்டும் என்று நீ படத்தை வெட்டத் தொடங்கினாய். பந்தல் போயிற்று, பறை போயிற்று, தேவாரம் பாடியவரும் போனார். அம்மாவின் முகம் இருக்கும் இடங்களை மட்டும் விட்டாய்.

"நீ நிக்கிற இடம் நல்லா வந்திருக்கடா. அதை வெட்டாத" என்றேன்.

"என்ர மூஞ்சையைப் பாக்கவோ அவன் அழுறான்? நாளைக்கு வரேக்கை என்னை நேரில பாப்பான்தானே. எண்ணெய் காணாது, விடு."

மூன்றாம் தரம் படம் முழுதாக மாறி வந்தது. தம்பி பார்த்துவிட்டதாகச் சித்தப்பா சொல்லியனுப்பிய அன்று, நீ அடுப்படிக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவினாய்.

அவன் வந்தான், மச்சான். நீதான் இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வில் உன்னை மண்ணுக்குள் வைத்தபோது சுற்றி நின்றவர்கள் மூன்று நாலு பேர். அங்கே கேமராவுக்கு எங்கே போவது? கொம்பியூட்டரையும் கேமராவையும் பொலித்தீனால் சுற்றி வீட்டு வளவுக்குள் தாட்டுவிட்டல்லவா ஓடினோம். திரும்பி வந்து நான் தோண்டிப் பார்த்தேன். தண்ணீர் இறங்கி எல்லாம் கறள் பிடித்துக் கிடந்தது. நீ வெட்டாத அந்த முழுப்படமும் அதோடு போய்விட்டது.

உன் தம்பி என் ஸ்டூடியோக் கதிரையில் உட்கார்ந்து, "அண்ணான்ர படம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டான். ஊரையெல்லாம் எடுத்தவனுக்கு ஒரு படம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னேன். பிறகு அவன் கேட்டான்:

"அம்மாக்கு வாய்க்கரிசி போடேக்கை ஒரு கை வருகுது. அது அண்ணான்ரதானே?"

"ஓம்."

"அந்த இடத்திலதான் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்கிறனான்" என்றான்.

மண்ணெண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பார்த்து உன்னை நீயே வெட்டி எறிந்தாயே, படுபாவி. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. ஆறவும் வேண்டாம்.

இப்போதும் செத்தவீடுகளுக்குப் போகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் நேரலையில் காத்திருப்பார்கள். போனவரின் முகத்தை எடுத்து முடிந்ததும், கேமராவைத் திருப்பிச் சுற்றி நிற்பவர்களை ஒவ்வொருவராக எடுக்கிறேன். போன கிழமை ஒரு வீட்டில் மூத்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை என்னத்துக்கு எடுக்கிறீங்கள்? ஐயாவை எடுங்கோ" என்று சினந்தார்.

"கொஞ்சம் நில்லுங்கோ, இஞ்சாலை பாருங்கோ" என்று சொல்லி, அவர் முகத்தைக் கிட்டவாக எடுத்தேன்.