உப்பு போட்டு ஓட்டிய கார்

பிப்ரவரி 7, சனி

இன்றும் கார் மூன்றாவது வளைவில் கவிழ்ந்தது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்குதான் இந்த ரிமோட் கார். அவமானம் மட்டும் முழு அளவு.

மண் பந்தயத்தில் கவிழ்கிற கார்களை ஓடிப்போய் நிமிர்த்திவைக்க ஆள் வேண்டும். முதலிலேயே தோற்றவர்கள்தான் நிற்பது. நான்கு வருடமாக நான் நிற்கிறேன். இறுதிச் சுற்றில் ஒருமுறைகூட ஓட்டியதில்லை.

காரணம் ஃபோம். இந்த டயர்களைத் தாங்குவது காற்று இல்லை, உள்ளே இருக்கும் ஃபோம் வளையம். மெத்தென்று இருந்தால் வளைவில் டயர் மடங்கிக் கார் உருளும். கெட்டியாக இருந்தால் மண்ணைப் பிடிக்காமல் வழுக்கும். பதினெட்டு வருடமாக இயற்பியல் நடத்துகிற எனக்கு இது தெரியாதா?

"ஃபோம்ல ஒண்ணும் இல்லங்க. ஒங்க கட்டவிரலுதான் சரியில்ல" என்கிறாள் ஜெயசெல்வி. மனைவி என்றால் இப்படியா?

பிப்ரவரி 8, ஞாயிறு

பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஆலயத்தில் முழங்கால் போடுகிற மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான பதம். எடுக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

உப்பளத்துப் பக்கம் காலி இடத்தில் பழகினேன். கார் நேராகப் பாத்திக்குள் பாய்ந்தது. டயரில் ஊசித்துளைகள் உண்டு. அவை வழியே உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. வெளியே எடுத்து நாலு சுற்று வேகமாக ஓட்டி உதறினேன். இப்போது மொட்டைமாடியில் காய்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

ஆண்டவரே! காய்ந்த டயர் புதுப் பதமாக இருக்கிறது. மெத்தென்றும் இல்லை, கல்லும் இல்லை. பள்ளி மைதானத்தில் வளைவுகளில் என்ன பிடி பிடிக்கிறது! இரண்டே சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். தேயக் கூடாதல்லவா?

உலகத்தில் எவனும் இதைச் செய்திருக்க மாட்டான்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்துக்கு நான் காபியை விடுகிறேன் என்றேன். "காரை விடுங்களேன்" என்றாள். அடுத்த மாதம் விளாத்திகுளத்தில் நடக்கும் பந்தயத்தில் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை என்றால் அதன்பிறகு காரைத் தொடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். டயர் இருக்கிற தைரியம்.

பிப்ரவரி 21, சனி

எழுதவே கூசுகிறது.

ஊர்க்காரர்களோடு ஒரு பழகு பந்தயம். முதல் மூன்று சுற்று நான்தான் முன்னால். நான்காவது சுற்றில் உள்ளே உப்பு நொறுங்கி, துளை வழியாகக் கொட்ட ஆரம்பித்தது. கார் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு. கடைசியில் வழக்கம்போலக் கவிழ்ந்தது.

காயல்பட்டினத்து அஃப்ஸல், துபாயிலிருந்து விலையுயர்ந்த ஃபோம் கொண்டுவந்தவன், கோட்டைத் தொட்டு முகர்ந்து பார்த்தான். "சார், இது உப்புல்லா? நோன்பு வச்ச நேரத்துல இப்படிச் சிரிக்க வைக்காதீங்க சார்!"

பிப்ரவரி 22, ஞாயிறு

உள்ளே உப்பு நொறுங்காத ஒரு டயரைப் பிளந்தேன். ஜெயசெல்வி எட்டிப் பார்த்தாள். "நடுவுலதான உப்பு கெட்டியா இருக்கு. ஓரத்துல ஒண்ணையும் காணோமே?"

உண்மைதான்! வேகமாகச் சுழலும்போது டயரின் அகலத்தில் நடுப்பகுதிதான் வெளியே புடைக்கும்; உதறியபோது தண்ணீரெல்லாம் அங்கே ஒதுங்கியிருக்கிறது. அப்படியானால் நடுவில் கெட்டி, ஓரத்தில் மெலிவு — அதுதான் அந்தப் பிடி!

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொன்னேன்.

பிப்ரவரி 28, சனி

துறைமுகத்துக்கு வரும் இயந்திரப் பெட்டிகளுக்குள் கறுப்பு ஃபோம் இருக்கும்; தண்ணீர் குடிக்காது. பழைய சாமான் கடை தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் ஒரு பலகை வாங்கினேன். "மெத்தைக்கா சார்?" "டயருக்கு."

பிளேடால் இரண்டு ஓரமும் சாய்வாகச் சீவி, பழைய டயர்களுக்குள் வைத்து ஒட்டி, வெறி பிடித்த மாதிரி ஐந்து செட் சக்கரம் தயார் செய்துவிட்டேன். விரல்களில் மூன்று பிளாஸ்திரி.

மார்ச் 7, சனி

விளாத்திகுளம். கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. காலையிலேயே அஃப்ஸலின் துபாய் ஃபோம் பிய்ந்துவிட்டது. "சார், ஒரு செட் தாங்களேன்." கொடுத்தேன். அவன் ஓட்டியதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். கொடுத்துத் தொலைத்தேன்.

என் முறை வந்தது. கார் தண்டவாளத்தில் போவது போலப் போயிற்று. கார் நம்மைப் பார்த்து வரும்போது ரிமோட்டில் இடம் வலம் மாறும். அது எனக்கு நான்கு வருடமாக வரவில்லை, இன்றும் வரவில்லை. நான் திருப்பியபடியே அச்சுப் பிசகாமல் திரும்பி வேலிக்குள் போய்விட்டது. ஃபோமில் ஒரு குறையும் இல்லை.

இறுதிச் சுற்றில் எட்டுக் கார். நான்கு என் ஃபோமில் ஓடின. மூன்றாவது வளைவில் நிமிர்த்திவைக்க நின்றேன். அந்த நான்கில் ஒன்றுகூடக் கவிழவில்லை. அஃப்ஸல் முதலில் வந்தான்.

அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை — பொய். தெரியும். நானும் அதில் ஓட்டியிருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

காரைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் ஏற்றினேன். வாக்கு வாக்குதான்.

மார்ச் 9, திங்கள்

போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். மத்தியானம் எடுக்க வந்தால் ஜெயசெல்வி அதில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"சார் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காவ. இல்லங்க, அவுக கார் ஓட்டுததையெல்லாம் விட்டுட்டாவ. ஃபோமுக்குத்தான கேக்கீய? ஒங்க எடம் கரிசலா, தேரிச் செம்மணலா? தேரின்னா ஓரத்துல இன்னும் கொஞ்சம் சீவணும். சக்கரத்தக் குடுத்துட்டுப் போங்க. ஆனா ஒங்களுக்கு முன்ன ஆறு பேரு இருக்காவ, பாத்துக்கிடுங்க."

தேரிக்கு ஓரம் மெலிய வேண்டும் என்பது சரிதான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.