தோய்த்துத் தந்த சேலை

உன் சேலை என் மடியில் கிடக்கிறது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. கொஞ்சக் காலம் ஞாயிற்றுப் பூசைக்கு உடுத்தாய், பழசான பிறகு நாம் பிள்ளை பார்த்த டே கெயாருக்கு உடுத்தி வந்தாய். போன வாரம் உன் மகள் அதைக் கொண்டுவந்து தந்தாள். அவள் போகும்வரை பொறுத்திருந்து, விரித்து முகத்தில் வைத்தேன். தோய்த்த சவர்க்கார மணம். அதற்கு மேல் அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையின் மணம். உன்னைத் தேடினேன், நீ அதில் இல்லை.

"அம்மாட சாறியில இதத்தான் நீங்க அடிக்கடி கண்டிருப்பீங்க அன்ரி. நல்லாத் தோய்ச்சு அயன் பண்ணி வெச்சிரிக்கன்" என்றாள். அவளுக்கு உன் முகவெட்டு. கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. உன்மேல்தான் என்று வைத்துக்கொள்வோம். நீ இப்போது திருப்பித் திட்டமாட்டாய்.

டவுனில் நடந்த அந்தப் பயிற்சியை இந்த நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன். பெரியகல்லாற்றிலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து, இருக்க இடமில்லாமல் நின்றுகொண்டே போனோம். பிள்ளை பார்க்க என்ன பயிற்சி, நாமும் பெற்றுத்தானே வளர்த்தோம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தவள் நான். நீ யன்னல் பக்கம் சாய்ந்து வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தாய். "போய்ப் பாப்பம் கா. ஒண்டும் தெரியாட்டி சாப்பாடாவது நல்லாரிக்கும்" என்றாய். சாப்பாடு அப்படியொன்றும் நன்றாக இருக்கவில்லை.

பயிற்சி தந்த மிஸ் இளம் பெண். முதல் நாளே எல்லோரும் முகம் துடைக்கும் லேஞ்சியை வாங்கி மேசையில் குவித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கண்ணைக் கட்டி, அவரவர் லேஞ்சியை மணந்து கண்டுபிடிக்கச் சொன்னாள். பால்குடி மறவாத பிள்ளை தாயைக் கண்ணால் அறிவதற்கு முன்பே மூக்கால் அறிகிறது என்பதைக் காட்டுவதற்கு. நீ போனாய், இரண்டாவதாக எடுத்ததே உன்னுடையது. எண்ணெய் மணம் என்று சிரித்தாய். என் முறை வந்தது. எல்லாவற்றையும் மணந்தேன், என்னுடையது எதுவென்று எனக்கே தெரியவில்லை. மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அப்போது நீ மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு மேசைக்கு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்து, ஒன்றைத் தூக்கிக் காட்டினாய்.

"இதுதான் இவட லேஞ்சி. ஒரு மணமும் இல்ல. நீ மனிசி இல்ல கா, சவர்க்காரக் கட்டி!"

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். உண்மையும் அதுதானே. எனக்கு ஊத்தை ஆகாது. பிள்ளை என் தோளில் பால் கக்கினால் அந்த நிமிடமே கழுவியாக வேண்டும். பாய், தலையணை உறை, என் உடுப்பு, எல்லாம் அன்றன்றைக்கே தோய்த்துக் கொடியில் போட்டால்தான் எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரும். நீ சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருப்பாய்.

பயிற்சி முடிந்து வந்து, டே கெயார் நடக்கும் மாதர் சங்கக் கட்டடத்தில் தாய்மாரைக் கூட்டினோம். மத்தியானம் பிள்ளைகள் படுக்கும்போது கூடவே வைப்பதற்கு, நீங்கள் உடுத்திய துணி ஒன்று கொண்டுவாருங்கள் என்று நீ சொன்னாய். மறுநாள் வந்த துணிகளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எல்லாம் தோய்த்தது. பாதிக்கு மேல் அயன் பண்ணினது. ஒருத்தி கடையில் வாங்கிய புதுத் துவாயை விலை ஒட்டியபடியே கொண்டுவந்தாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அழுதன. துணிகள் நல்ல சுத்தம் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

நீதான் வீடு வீடாகப் போனாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கடற்கரைப் பக்கம் கருவாடு காயப்போடும் சுதாவின் வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அவளுடைய கவி அப்போது தவழும் பிள்ளை. சுதா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை.

"கருவாட்டு மணம் அக்கா. அத எப்பிடிக் கொண்டுவாற? மத்தப் புள்ளையள்ட தாய்மார் என்ன நினைப்பாங்க? வெக்கமா இரிக்கி."

"உனக்குத்தான் அது கருவாடு. உன்ட புள்ளைக்கு அது அம்மா" என்றாய். "தோய்க்காமத் தா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, உடுத்து வேலை செய்த பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துத் தந்தாள். கவி அன்று மத்தியானம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள். கட்டடம் முழுக்கக் கருவாடு மணந்தது. நான் யன்னலைத் திறந்தேன், நீ வந்து சாத்தினாய்.

பிறகு சுதா குவைத்துக்குப் போனாள். அரைவாசியில் நின்ற வீட்டைக் கட்டி முடிக்க வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. போகுமுன் இன்னொரு துண்டை அவளே பொலித்தீன் பையில் முடிந்து கொண்டுவந்தாள். கேட்காமலே, தோய்க்காமலே. ஆனால் மணம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? துணி இருந்தது, தாய் அதிலிருந்து மெல்ல மெல்லப் போய்விட்டாள். ஒருநாள் கவி அதை எறிந்துவிட்டு உன் முந்தானையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரை என்றால் நீதான். அவள் கண் மூடும்வரை நீ பாயிலிருந்து அசைய முடியாது. பாலில்லாத பிளேன்ரீயை நான் ஊற்றி உன் கையில் தருவேன். பிள்ளைகள் தூங்கினால்தான் நமக்கு வாய் திறக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தில் நாம் பேசாத கதை ஏது? பேச்செல்லாம் குசுகுசுப்பு, சிரிப்பெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு.

நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்து நான் டே கெயார் கதவைத் திறந்த அன்று கவி உள்ளே ஓடி வந்து, கதவுக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் எல்லாம் உன்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் போய் இருந்துகொண்டாள். மத்தியானம் தூங்கவே இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான் தூக்கினால் விறைத்துப்போய் என்னைத் தள்ளுவாள். என் தோளில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளுவாள், அதுதான் எனக்கு வலித்தது. அழுது அழுது பின்னேரம் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அவள் அப்பன் வாவிக்கு வலை போடப் போகிறவன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவன் தொழில் நின்றுவிடும். ஒருநாள் வாசலில் வந்து நின்றான்.

"உங்கள்ல ஒரு குறையும் இல்ல அக்கா. ஆனா இப்பிடியே போனா சுதாவ வரச் சொல்லத்தான் வேணும். ரெண்டு கிழம பாப்பன். மறுகா சொல்லிருவன்."

சுதா இடையில் திரும்பி வந்தால் வீடு கூரையில்லாமலே நிற்கும். போனதும் பிரிந்திருந்ததும் வீணாகப் போகும். எல்லாம் ஒரு பிள்ளை என்னிடம் தூங்காததால். வேறு ஒருத்தியைப் பிடித்துத் தரட்டுமா என்று சங்கத்தில் கேட்டார்கள். பொறுங்கள் என்றேன். உன் இடத்தில் இன்னொருத்தி வந்து இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அதுவும்தான் காரணம்.

அப்போதுதான் உன் மகளிடம் ஒரு சேலை கேட்டேன். நீ எத்தனை தாய்மாரிடம் கூச்சமில்லாமல் கேட்டாய், 'தோய்க்காமத் தா' என்று. எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஞாபகத்துக்கு ஒன்று வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கேட்டிருந்தாலும் பயனில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பே எல்லாவற்றையும் தோய்த்துவிட்டார்களாம். கவியிடம் அந்தச் சேலையைக் காட்டினேன். ஒருதரம் மணந்து பார்த்துவிட்டு என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னால் அது பாதிதான். எனக்கும் வேண்டியிருந்தது. உன் எண்ணெய் மணத்தை இன்னும் ஒருதரம் மூக்கில் வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

இந்த வாரம் முழுக்க மாரி மழை. கொடியில் போட்ட எதுவும் காயவில்லை. மாற்றுத் துவாய் இல்லாமல், பிள்ளைகளைத் தூக்கும்போது தோளில் போடும் பழைய துவாயையே நாலைந்து நாள் போட்டேன். யாரும் பார்க்கக்கூடாதென்று கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவி வைத்தேன். முந்தாநாள் மத்தியானம் மற்றப் பிள்ளைகளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கவியின் சத்தத்தைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் கதவுக்குப் பின்னால் எட்டி எட்டி அந்தத் துவாயை இழுத்துக்கொண்டிருந்தாள். விழுந்தது. ஊத்தை, விடு என்று பறிக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டேன். அவள் அதை முகத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உன் பாயில் போய் அதைக் கட்டிப்பிடித்துப் படுத்தாள்.

தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, நீ தூங்குவதுபோல.

பக்கத்தில் இருந்து மெல்லக் குனிந்து மணந்து பார்த்தேன். அடுப்புப் புகை, கக்கிய பால், வியர்வை, ஈரம். நல்ல மணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நான்தான். "இஞ்ச பார் கா" என்று வாய் திறந்து திரும்பினேன். கட்டடத்தில் தூங்கும் பிள்ளைகளும் மழைச் சத்தமும்தான் இருந்தன. பிளேன்ரீ ஊற்றினேன். அந்த ஒரு மணித்தியாலம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்றும் தூங்கினாள், இன்றும் தூங்கினாள். சுதாவை வரச் சொல்லவில்லை என்று அவள் அப்பன் வந்து சொன்னான். சுதா குவைத்திலிருந்து போனில் குரல் பதிந்து கேட்டு அனுப்பியிருந்தாள். "அக்கா, என்னத்தக் குடுத்துப் படுக்க வெச்சீங்க?" என்ன குடுத்தேன், ஊத்தைத் துவாய்தான் என்று அனுப்பினேன். பதில் குரலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் இடையில் மூக்கை உறிஞ்சினாள்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் என் லேஞ்சியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருத்தி இருந்தாள். எனக்கு மணமே இல்லாத காலத்தில் அதை வைத்தே கண்டுபிடித்தாள். கவிக்கு என்னைத் தெரிகிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் அவளிடம் கதைக்க முடியாது, அவள் என்னைச் சவர்க்காரக் கட்டி என்று கூப்பிடவும் மாட்டாள்.

உன் சேலையைத் திரும்ப அலுமாரியில் வைக்கப் போவதில்லை. நாளைக்கு அதை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பிள்ளைகள் இழுப்பார்கள், கக்குவார்கள், கவி முந்தானையில் மூக்கைத் துடைப்பாள். அன்றைக்கே தோய்க்கமாட்டேன், கை துருதுருத்தாலும் தோய்க்கமாட்டேன். உன் மணம் போனது போனதுதான், இனி அதில் என் மணம் ஏறட்டும். அது உனக்குப் பிடிக்கவில்லை என்றால், வந்து கேள்.